அம்மாவின் பச்சைக் கிருஷ்ணன்

ஜனவரி 9, வெள்ளி

பனி. எதிர் மாடியில் காயும் துணிகூடத் தெரியவில்லை. குளித்தாகிவிட்டது என்று வீட்டில் அறிவிப்பு. (குளிக்கவில்லை. வாளித் தண்ணீரைக் கொட்டிச் சத்தம் மட்டும்.)

இன்றைய சாதனை: கீழ்வீட்டு ஷிப்ரா மாஷியின் (மாஷி என்றால் பெங்காலியில் சித்தி) கோபாலுக்கு அப்பாவின் கூலிங் கிளாஸ். கோபால் என்பது மாஷி பூஜை அறையில் இருக்கிற பித்தளைக் குட்டிக் கிருஷ்ணன். உள்ளங்கை உயரம். மாஷிக்குப் பிள்ளை இல்லை, அவன்தான் பிள்ளை. காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, ஊட்டி, மத்தியானம் தூங்க வைத்து, இந்தக் குளிருக்கு ஸ்வெட்டர், குல்லா. கோபாலுக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இல்லை, கண்ணாடிக்குக் கோபால் போட்ட மாதிரி இருந்தது. மாஷி முதலில் கத்தினார். அப்புறம் போனில் நாலு படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். தண்டனை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்பு.

பள்ளி: சரஸ்வதி பூஜைக்கு எக்ஸிபிஷன். அன்றைக்கு எல்லாப் பள்ளியும் கதவைத் திறந்து போட்டுவிடும். அப்பா அம்மாக்கள், அக்கம்பக்கம், மற்ற பள்ளிப் பையன்கள் (முக்கியம்). ட்ராயிங் சார் (இனி ட்.சார்) கொடுத்த வேலை: ஒரே ஓவியர் வரைந்த, ஒன்றுக்கொன்று தொடர்புள்ள இரண்டு சாமிப் படங்கள். நிறம் என்ன, அர்த்தம் என்ன, ஒப்பிடு. முந்நூறு வார்த்தை. அசல் படம் கொண்டுவந்தால் கூடுதல் மார்க்.

வகுப்பே நெட்டில். பதினோரு பேருக்கு ஒரே இத்தாலிக்காரர், ஒரே மாதா. எனக்கு வேறு யோசனை. எங்கள் ஹாலில் தொங்கும் பச்சைக் கிருஷ்ணன். ஓவியர்: அம்மா. செத்துப்போன ஓவியரிடம் சந்தேகம் கேட்க முடியாது. இவரிடம் கேட்டால் கூடவே தோசையும் வரும்.

சிக்கல்: வேண்டியது இரண்டு படம். இருப்பது ஒன்று.


ஜனவரி 11, ஞாயிறு

கொஞ்சம் வெயில். தண்டனை நிறைவேற்றம்: கோபாலுக்குப் புது ஸ்வெட்டர் மாட்டுவது. மஞ்சள் கம்பளி, மாஷியே பின்னியது.

"மெதுவா சம்பா, கை வலிக்கும் அவனுக்கு!"

(நான் செண்பகம். கல்கத்தாவில் எங்கள் பெஹாலாப் பக்கம் முழுக்க நான் சம்பா. மாஷிக்கு நான் பூ. தூத்துக்குடிச் சொந்தங்கள் கேட்டால் அரிசி என்பார்கள்.)

பித்தளைக் கையை ஸ்வெட்டருக்குள் விடுவது ஒரு கலை. குனிந்து மல்லுக்கட்டும்போதுதான் பார்த்தேன். எறும்பு.

நிஜ எறும்பு இல்லை. கோபாலுக்குப் பின்னால் சுவரில் ஒரு நீலக் கிருஷ்ணன் படம், யசோதை மடியில். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். காலண்டர் படம் என்று நினைத்து விட்டுவிட்டேன் போல. வலது கீழ் மூலையில் வெண்ணெய்ச் சொட்டு, அதை நோக்கி வரிசையாக மூன்று எறும்பு. எங்கள் பச்சைக் கிருஷ்ணன் படத்திலும் அதே மூலை, அதே சொட்டு, அதே மூன்று. அம்மா படத்தில் கையெழுத்துப் போடமாட்டாள். எறும்பு போடுவாள்.

"மாஷி, இது எங்கம்மா வரைஞ்சதா?"

மாஷி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ திரியாகிவிட்டது.

"அம்மாகிட்டயே கேளு."

மாடி ஏறினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்டால் சுவாரசியம் போய்விடும், எனவே சுற்றுவழி.

"யம்மா, நம்ம கிருஷ்ணன் ஏன் பச்சை?"

"நீலம் தீந்துட்டு."

"கடைல வாங்க வேண்டியதுதானே?"

"மழை."

"மழைன்னா குடை இல்லையா?"

"ஏட்டி, துருவத் துருவ நீ திங்க. சட்னிக்கு என்னத்தைப் போட? போ அங்கிட்டு."

கேஸ் முடிந்தது. ஆனால் தலைப்பு கிடைத்துவிட்டது. "நீலம் தீர்ந்துபோன கதை."


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு போட்டாச்சு. பால்கனியில் பானை, கரும்பு ரெண்டு துண்டு. மாஷி வீட்டிலிருந்து பிட்டே வந்தது, அரிசி மாவுக்குள் தேங்காய், வெல்லம். நம்ம கொழுக்கட்டையின் கல்கத்தாப் பெரியப்பா மகன்.

பதிலுக்கு அம்மா சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு கீழே. நானும் பின்னால். மாஷி பூஜை அறையில் இருந்தார். அம்மா அந்த அறை வாசல்படிக்கு வெளியிலேயே நின்று கிண்ணத்தை நீட்டினாள். "உள்ளே வா" என்று மாஷி சொல்லவில்லை. அம்மாவும் போகவில்லை. எப்பவும் இப்படித்தான். இன்றைக்குத்தான் கவனித்தேன். அடுப்படிக் கை, மடி ஆசாரம், ஏதோ இருக்கும்.

அம்மாவிடம் பச்சைப் படத்துக்கு அனுமதி வாங்கினேன். "என் படத்தையா? கிறுக்கச்சி." ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள், எக்ஸிபிஷனுக்குக் கட்ட.

"ரெண்டாவது படம் எதுட்டி?"

"சஸ்பென்ஸ்."

கட்டுரைக்கான குறிப்பு:

நீல. கி: பின்னணி நல்ல சிவப்பு. யசோதைக்கு மஞ்சள் புடவை. ஒரு கை பிள்ளை மேல், சும்மா, அது பாட்டுக்கு. இன்னொரு கை உறியைக் காட்டுகிறது. பார்வை நம் பக்கம். பிள்ளையைக் கவனிக்காமல் போஸ் கொடுக்கும் தாய்.

பச்சை. கி: பின்னணி வெளிறிய சாம்பல். யசோதைக்கு வெள்ளைப் புடவை. ரெண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். பார்வை பிள்ளை மேல் மட்டும். பிள்ளை: அவரைக்காய்.

அர்த்தம் (நெட் உபயம்): நீலம் என்றால் ஆகாயம், எல்லையின்மை. பச்சை என்றால் செழிப்பு.

அர்த்தம் (என் உபயம்): நீலம் என்றால் மாத ஆரம்பம். பச்சை என்றால் மாதக் கடைசி. கிருஷ்ணன் வெண்ணெயை விட்டுவிட்டுப் பாலக்கீரைக்கு மாறிய காலம். அவதாரம் பதினொன்று: காய்கறி.

நானே சிரித்தேன். நல்லாத்தான் எழுதுகிறேன்.


ஜனவரி 20, செவ்வாய்

நீலக் கிருஷ்ணனைக் கழற்றியாச்சு.

மாஷி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு."

"என்ன சொன்னா?"

"சரின்னா."

மாஷி என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், ரெண்டு முறை. "பத்திரமா கொண்டுபோ. இத்தனை வருஷத்தில வெளிய போனதே இல்லை." சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக.

பொய்தான். சின்னப் பொய். அம்மா தன்னுடைய ரெண்டு படத்தையும் ஒரே சுவரில் பார்த்து அசந்து போகும்போது மன்னிக்கப்படும் வகை.

போர்வையில் சுற்றி ஆட்டோவில் இரண்டு கிருஷ்ணன், நடுவில் நான்.

ட்.சார் கட்டுரையைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் காட்டினார், அவரும் சிரித்தார். வகுப்பின் நம்பர் ஒன் ஐட்டமாம். வாசலுக்கு நேர் சுவர். தலைப்பை இங்கிலீஷிலும் பாங்ளாவிலும் பெரிய மஞ்சள் எழுத்தில் எழுதி, கட்டுரையைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியாச்சு. பட்டையைக் கிளப்பப் போகிறது.


ஜனவரி 22, வியாழன்

சாயந்திரம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பள்ளி விட்டு அப்பாவோடு லேக் மார்க்கெட். துறைமுக ஆபீஸில் அப்பாவுக்கு அரை நாள். காப்பிப் பொடி, அப்பளம், கறிவேப்பிலை, நாளைக்கு எனக்கு மஞ்சள் வளையல். பிறகு வழக்கமான கடையில் மசால் தோசை. தோசை வந்தது. அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று சஸ்பென்ஸை உடைத்தேன். மாஷி வீட்டு நீலப் படம், எறும்பு, நீலம் தீர்ந்த கதை, கீரை, அவரைக்காய். எல்லாம் நடித்துக் காட்டினேன்.

அப்பா சிரிக்கவில்லை. சட்னிக் கிண்ணத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"சுவர்ல இருந்து எப்ப எடுத்த அதை?"

"செவ்வாய்க்கிழமை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நாளைக்குத் தெரியும்."

"ஏ புள்ள..." என்று ஆரம்பித்து, தண்ணீர் குடித்தார். "உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான்."

யார் என்று கேட்டேன். மக்கு மாதிரி.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம். அம்மா வயிற்றுப்பிள்ளைக்காரி. பொழுது போகாமல் வரைந்ததுதான் நீலக் கிருஷ்ணன். பையன் பிறந்தான். இதயத்தில் ஓட்டை.

"உதடு, நகம், பாதம் எல்லாம். அவன் நீலமா இருந்தான், புள்ள. ஒம்பது நாள் இருந்தான்."

பேர்கூட வைக்கவில்லையாம். பதினாறாம் நாள் வைப்பதாக இருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் படத்தைக் கழற்றி, சந்து முனையில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இந்த ஊரில் பழைய சாமிப் படங்களை அப்படித்தான் விடுவார்கள், குப்பையில் போடக் கூடாதே. மார்க்கெட்டிலிருந்து வந்த மாஷி அதைப் பார்த்து, ஒரு கையில் மீன் பை, ஒரு கையில் படம். தன் கோபாலுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அம்மாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போனதில்லை.

மடி ஆசாரமாம். நான் ஒரு மேதை.

"அப்புறம் நீ வயித்துல இருக்கும்போது மறுபடி வரைய உக்காந்தா. நீல பாட்டில் நெறைய இருந்துச்சு. நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

தோசை ஆறி அட்டையாகிவிட்டது. சாப்பிட்டு முடித்தோம். வீணாக்கினால் அம்மா திட்டுவாள் என்பதால். இங்கே அம்மா இல்லை, இருந்தாலும்.

"நான் சொல்லட்டுமா அவகிட்ட?" ஆட்டோவில் அப்பா.

"வேண்டாம்ப்பா. பொய் சொன்னது நான்."

வீட்டில் அம்மா எனக்கு மஞ்சள் புடவை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். பள்ளி பூட்டியாச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவள் வாசலில் நுழைந்ததும் நேர் எதிரே நீலக் கிருஷ்ணன், பக்கத்தில் என் காய்கறிக் காமெடி, சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டு.

வழிகள்:
1. எனக்குக் காய்ச்சல். (அவள் எக்ஸிபிஷனுக்குப் போகமாட்டாள். என் நெற்றியில் கை வைத்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள்.)
2. விடியற்காலை போய்ப் படத்தை எடுத்துவிடுவது. (மாஷி கேட்பார். மாஷி அம்மாவிடம் கேட்பார்.)
3. சொல்லிவிடுவது.

மூன்றைத் தவிர எல்லாம் எனக்குக் கைவந்த கலை.


ஜனவரி 24, சனி

நேற்று எழுதவில்லை. சரஸ்வதி பூஜை அன்று புத்தகம், பேனா தொடக் கூடாது, எல்லாம் அவள் காலடியில். (தமிழச்சி என்பதால் அக்டோபரிலும் ஒரு நாள் இதே சலுகை உண்டு. வருஷத்துக்கு ரெண்டு லீவு வேறு யாருக்குக் கிடைக்கும்.)

காலை ஆறு மணி. அம்மா எனக்குப் புடவை கட்டிவிட்டாள். வாயில் நாலு ஊக்கு. மண்டியிட்டுக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தாள். அவளால் பேச முடியாத ஒரே நேரம் இதுதான் என்று தோன்றியது. கோழைத்தனம்தான். சொன்னேன். கீழ்வீட்டுப் படம் பள்ளியில் இருக்கிறது, உன்னைக் கேட்டதாக மாஷியிடம் பொய் சொன்னேன், அதைப் பற்றி வேடிக்கையாக எழுதி ஒட்டியிருக்கிறேன், நேற்று அப்பா சொல்லித்தான் எனக்கு அண்ணனைத் தெரியும்.

அண்ணன் என்று வாயில் வந்துவிட்டது. அதற்கு முன் அந்தச் சொல்லை எனக்கே எனக்கென்று யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா மடித்த கொசுவத்தை அவிழ்த்தாள். திரும்ப மடித்தாள். மறுபடி அவிழ்த்தாள். மூன்றாம் தடவை செருகி, ஊக்குக் குத்தி, வாயிலிருந்த மிச்சத்தை எடுத்தாள்.

"நடக்கும்போது தூக்கிப் பிடி. தடுக்கும்."

"யம்மா..."

"நேரமாச்சு, போ."

வருவாளா மாட்டாளா, தெரியாது.

பள்ளியில் முதல் வேலை, சரஸ்வதிக்குப் பூப் போடும் அஞ்சலிக்கு முன்னால், தலைப்பையும் கட்டுரையையும் பிய்த்தேன். பிளாஸ்டிக் உறையோடு சுவர்ச் சுண்ணாம்பும் கொஞ்சம் வந்தது. ட்.சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்கே எழுத்து?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

"சரி, சரியா எழுதி ஒட்டு!"

"இன்னைக்கு எழுதக் கூடாதே சார்."

ட்.சார் சரஸ்வதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ நின்னு வாயால சொல்லு. வர்ற ஒவ்வொருத்தருக்கும்."

நின்றேன். கால் வலிக்க. பையன்கள் கும்பல் கும்பலாக வந்தார்கள், ஒருவனையும் சரியாகப் பார்க்கவில்லை. என் புடவைக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. சொல்லச் சொல்லப் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சொன்னது ஏறத்தாழ இது:

"இது முதல் படம். சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிறங்கள். யசோதை ஒரு கையை மட்டும் பிள்ளை மேல் வைத்திருக்கிறாள். கவனிக்காமல் இல்லை. பயமே இல்லாதவள் அப்படித்தான் வைப்பாள். பிள்ளை எங்கே போய்விடும்? இது இரண்டாவது. பின்னணியில் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டார் ஓவியர். உறி இல்லை, நம்மைப் பார்க்கவில்லை. பத்து விரலும் பிள்ளை மேல்."

ஒரு ஆன்ட்டி கேட்டார்: "பச்சைக்கு என்ன அர்த்தம்?"

"அதை ஓவியர்தான் சொல்லணும்."

அண்ணனைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டு விஷயம்.

பதினொன்றுக்கு வரவில்லை. பதினொன்றரைக்கும். பன்னிரண்டுக்கு வாசலில் மாஷி, கையில் பிரம்புக் கூடை, அதில் ஸ்வெட்டரோடு கோபால். (பூட்டிய வீட்டில் பிள்ளையைத் தனியாக விடுவாரா.) அப்பா. அப்பாவுக்குப் பின்னால் அம்மா, புதுப் புடவையில்.

நேராக வந்தாள். நீலப் படத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். மாஷி கூடையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்தார். ஒலிபெருக்கியில் யாரோ பிரசாதக் கிச்சுரி (நம்ம கிச்சடி) சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"கால் கட்டைவிரலைப் பெரிசா போட்டுட்டேன்," என்றாள் அம்மா.

பிறகு என் பக்கம் திரும்பி, "ம், சொல்லு. வர்றவங்களுக்கெல்லாம் சொல்லுதியாமே."

சொன்னேன். மனப்பாடமாக இருந்தும் பாதிப் பாதியாக. "ஒரு கை... பயம் இல்லை... இதுல பத்து விரலும்" என்று வந்தபோது அம்மா நிறுத்தினாள்.

"எண்ணினியா?"

"எதை?"

"விரலை."

எண்ணினேன். இடது கையில் அஞ்சு. வலது கையில் ஆறு.

மறுபடி எண்ணினேன். ஆறு. பதினாறு வருஷமாக ஹாலில் தொங்குகிற படம். காலையிலிருந்து நூறு பேருக்குப் பத்து என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தரும் எண்ணவில்லை.

"வரைஞ்சு முடிச்ச அப்புறம்தான் பாத்தேன்," என்றாள் அம்மா. "அழிக்க மனசு வரலை. இருந்துட்டுப் போகட்டும், ஒரு விரல் கூடத்தானேன்னு விட்டுட்டேன்."

அப்பா முதலில் சிரித்தார். அப்புறம் மாஷி, என்ன ஏது என்று புரியாமலே. அம்மாவும் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை, வழிந்தது. நான் புடவைத் தலைப்பை நீட்டினேன், அதிலேயே துடைத்துக்கொண்டாள். மஞ்சள் சாயம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. சொல்லவில்லை நான்.

"பச்சைக்கு என்ன அர்த்தம்மா? ஒரு ஆன்ட்டி கேட்டாங்க."

"நீலத்தைத் தொட்டேன், கை வரலை. பக்கத்துல பச்சை இருந்துச்சு."

மாஷியிடம் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். காதைத் திருகினார், நிஜமாகவே. இன்னும் சிவப்பு. பிறகு அதே கையால் கிச்சுரி ஊட்டினார்.

இன்று படங்கள் வீடு திரும்பின. நீலத்தை எங்கே மாட்டுவது என்று பேச்சு. அப்பா: "நம்ம வீட்டுலயே ரெண்டும்." மாஷி: "கொடுக்கமாட்டேன். இத்தனை வருஷம் நான் வளர்த்திருக்கேன்." அம்மா படத்தை எடுத்துக்கொண்டு மாஷியின் பூஜை அறைக்குள் போய், ஸ்டூல் ஏறி, அந்த வெள்ளைச் சதுரத்தின் மேல் தானே மாட்டினாள். கொஞ்சம் கோணல்.

மார்க்: தெரியாது. ட்.சார் இன்னும் சுண்ணாம்புக்குக் கோபத்தில்.


ஜனவரி 25, ஞாயிறு

வெயில் நன்றாக இருக்கிறது. மொட்டை மாடி. மூன்று கிலோ பச்சைப் பட்டாணி வாங்கிவந்துவிட்டார் அப்பா, மலிவாம். உரிக்க அம்மாவும் நானும். நான் உரித்ததில் பாதி வாய்க்குள்.

ரொம்ப நேரம் எதையும் கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது.

கடைசியில் கேட்டேன். "யம்மா, அவன் என்ன பண்ணுவான்?"

"ஒம்பது நாள் பிள்ளை என்னத்தட்டி பண்ணும்? தூங்குவான்."

நாலு பட்டாணி. அஞ்சு.

"தும்மினான்," என்றாள். "ஏழாம் நாள். ரெண்டு தும்மல், அடுத்தடுத்து. நர்ஸ் பொண்ணுகூடச் சிரிச்சிட்டு."

நானும் எப்பவும் ரெண்டுதான் தும்முவேன்.